நாற்பத்தெட்டு கிருஷ்ணகிரி

விமான டிக்கெட் விற்கிறவன் ஒரு தடவையாவது விமானத்தில் ஏறியிருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் கிடையாது. இருந்திருந்தால் பதினான்கு வருஷம் எனக்குச் சோறு கிடைத்திருக்காது. பஸ் ஸ்டாண்டில் விசாரணைக் கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவர், ரயில்வே ஸ்டேஷனில் முன்பதிவு கவுண்ட்டரில் தலையைச் சொறிந்துகொண்டிருப்பவர், லாட்ஜ் வாசலில் சாவி கொடுப்பவர் எல்லோரும் என் இனம். ஊர் உலகமெல்லாம் போய்விட்டு வரும். நாம் மட்டும் அதே நாற்காலியில் இருப்போம். உங்களைப் போன்றவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்களுக்கு இது விளங்காது.

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு பேக்கரியின் மாடியில் எங்கள் ஆபீஸ். எண்பதுகளின் ஆரம்பம். தொழிற்பேட்டையில் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக முளைத்துக்கொண்டிருந்தன. அங்கிருந்து பயிற்சிக்கு ஜெர்மனி, ஜப்பான் போகிறவர்கள் ஒரு பக்கம். வெல்டர், ஃபிட்டர், கொத்தனார் என்று வளைகுடாவுக்குப் போகிறவர்கள் இன்னொரு பக்கம். எங்களிடம் இருந்தவை ஒரு தொலைபேசி, சுவரில் ஒரு உலகப்படம், செங்கல் கனத்துக்கு ஒரு டைம்டேபிள் புத்தகம். டிக்கெட்டைப் பெங்களூரில் பெரிய ஏஜென்சியில் எழுதி வாங்கி வரவேண்டும். பஸ்ஸில் போய் வாங்கி வருவது என் வேலை. முதலாளி நாராயணப்பாவுக்கு வீட்டில் தெலுங்கு, வெளியில் கன்னடம், என்னைத் திட்டுவதற்கு மட்டும் தமிழ்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் டிக்கெட் போட்டு அனுப்பியவர்களில் என் மனைவி சரோஜாவும் ஒருத்தி. இரண்டே வருஷம் என்று சொல்லிவிட்டு மஸ்கட்டுக்கு நர்ஸ் வேலைக்குப் போனாள். ஆகவே அவள் போன பிறகு வந்த வாடிக்கையாளர்களையெல்லாம் நான் பாதிக் காதால்தான் கேட்டேன். மீதிக் காது எங்கே இருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

எத்தினி கிருஷ்ணகிரி?

குந்தாரப்பள்ளி சந்தையில் மாடு வாங்கி விற்கிறவர் மாதப்பன். சந்தை முடிந்த கையோடு, தலையில் கட்டிய துண்டைக்கூட அவிழ்க்காமல் மாடியேறி வந்தார். மகன் வெல்டர், மஸ்கட்டில் வேலை கிடைத்திருக்கிறது. டிக்கெட்டைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. மஸ்கட் எவ்வளவு தூரம் என்று மட்டும் தெரிய வேண்டும். புத்தகத்தைப் புரட்டி, பம்பாய் வழியாகப் போனால் ஏறக்குறைய இரண்டாயிரத்து நானூறு கிலோமீட்டர் என்றேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவரிடம் மாட்டின் ஜாதகத்தை நீட்டினால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

“அதெல்லாம் இருக்கட்டும். இங்கருந்து கிருஷ்ணகிரி எவ்ளோ?” என்றார். ஐம்பது என்றேன். “அப்ப உங்க மஸ்கட்டு எத்தினி கிருஷ்ணகிரி?” என்றார். காகிதத்தில் வகுத்துப் பார்த்து நாற்பத்தெட்டு என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஓசூரிலிருந்து கிளம்பி, சூளகிரி தாண்டி, மேலுமலை இறங்கி, கிருஷ்ணகிரி போய்ச் சேர்ந்தார், மறுபடி கிளம்பினார். ஐந்தாறு கிருஷ்ணகிரி வரை உதடு அசைந்தது. பிறகு கண்ணைத் திறந்து கேட்டார்:

“நாப்பத்தெட்டா? அம்மாந் தூரத்துல நடுவுல டீக்கு எங்க நிறுத்துவான்?”

சேலம்

அதற்கப்புறம் எங்கள் ஆபீசில் கிருஷ்ணகிரிதான் அளவு. சிங்கப்பூர் அறுபத்து மூன்று கிருஷ்ணகிரி. பிராங்க்பர்ட் நூற்றைம்பதுக்கு ஒன்றிரண்டு குறைவு. கேட்கிறவர்களுக்கும் சட்டென்று பிடிபட்டது, எனக்கும் புத்தகம் புரட்டுகிற வேலை மிச்சம். அந்த நாற்பத்தெட்டு என் வீட்டுக்கே வரும் என்று மாதப்பன் வந்த அன்றைக்கு நான் நினைக்கவில்லை.

சரோஜா நாகரசம்பட்டி மாந்தோப்புக்காரர் வீட்டுப் பெண். ஓசூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தாள். மத்திகிரி ரோட்டில் எங்களுக்கு ஒரு மனை இருந்தது. மனை என்றால் நாலு மூலையில் நாலு கல், நடுவில் துத்திச் செடி. அந்தச் செடி இருந்த இடத்தில் அடுப்படி வரவேண்டும் என்று அவளுக்கு ஆசை. மஸ்கட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் அவளே மனுப் போட்டாள். பிள்ளை குட்டி இல்லாததால் போவது சுலபம் என்று எல்லோரும் சொன்னார்கள். வருவதைப் பற்றி யாரும் பேசவில்லை. ஃபாரம் நிரப்பியது நான்தான். பயணியின் பெயர் என்ற இடத்தில் அவள் பெயரை அத்தனை நிறுத்தி நிதானமாக எழுதினேன் போலிருக்கிறது, முதலாளி எட்டிப் பார்த்து, கல்யாணப் பத்திரிகையா எழுதுகிறாய் என்று கேட்டார்.

பெங்களூர் விமான நிலையத்தில் உள்ளே போகிற கதவு வரைதான் எனக்கு அனுமதி. கடைசி நிமிஷத்தில் அவளும் ஒரு வாடிக்கையாளர் மாதிரி, மொத்தம் எத்தனை மணி நேரம் என்று கேட்டாள். பெங்களூர்–பம்பாய் ஒன்றரை, பம்பாய்–மஸ்கட் இரண்டே முக்கால், கூட்டினால் நாலேகால் என்றேன். நம்ம ஊரிலிருந்து சேலத்துக்கு பஸ் போகிற நேரம் என்று சேர்த்துச் சொன்னேன். தைரியம் சொல்கிறேன் என்று எனக்கு நினைப்பு. அவள் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது, ஆனாலும் சிரித்தாள்.

“அவ்வளவுதானா? அப்ப சேலத்துல வேலை பாக்குறேன்னு நெனச்சுக்குங்க.”

மஸ்கட்டின் மேலுமலை

கம்பெனியில் ஃபிட்டராக இருந்த முனியப்பன் அளவில் புலி. ஒரு நூலிழை பிசகினாலும் கண்டுபிடித்துவிடுவார். அவருக்கு மஸ்கட் போய் வர டிக்கெட் போட்டுக் கொடுத்தேன். மறுநாள் காலையில் ஆபீஸ் திறக்கும் முன்பே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். டிக்கெட்டில் தப்பு இருக்கிறதாம்.

பம்பாயில் எட்டு மணிக்குப் புறப்படுகிறது, மஸ்கட்டில் ஒன்பதேகாலுக்கு இறங்குகிறது. ஆக, ஒன்றேகால் மணி நேரம். திரும்பும்போது பத்தரைக்குப் புறப்பட்டு பம்பாய்க்கு மத்தியானம் இரண்டே முக்காலுக்கு வருகிறது. ஆக, நாலேகால் மணி நேரம். போக ஒன்றேகால், வர நாலேகாலா? திரும்பி வருவதற்கு ஏதோ ஓட்டை வண்டியைக் கொடுத்துவிட்டேன் என்று அவருக்குக் கோபம். நான் பொறுமையாக விளக்கினேன். டிக்கெட்டில் அந்தந்த ஊர் மணியைத்தான் போடுவார்கள். அங்கே மணி நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. உண்மையில் போனாலும் வந்தாலும் இரண்டே முக்கால்தான். கைக்கடிகாரத்தைக் கழற்றித் திருகிக் காட்டினேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில் அவருக்கு எல்லாம் விளங்கியதற்கு அடையாளமாக முகம் தெளிந்தது.

“இத முன்னாடியே சொல்றதுக்கு என்னங்க? போறப்ப இறக்கம், வர்றப்ப ஏத்தம். அங்கயும் ஒரு மேலுமலை இருக்குது!”

இரண்டாவது கடிகாரம்

முனியப்பனுக்குப் பிறகு நான் ஒரு தந்திரம் செய்தேன். ஆபீஸ் கடிகாரத்துக்குப் பக்கத்தில் இன்னொரு சுவர்க் கடிகாரம் வாங்கி மாட்டி, அதில் மஸ்கட் மணி வைத்தேன். யாராவது கேட்டால் கையைக் காட்டினால் போதும் அல்லவா? நம்ம ஊரில் மணி பத்து, அங்கே எட்டரை. முதலாளியிடமும் அப்படித்தான் சொன்னேன், வாடிக்கையாளர் வசதிக்கு என்று.

உண்மை என்னவென்றால், எட்டரைக்குச் சரோஜா வார்டுக்குள் நுழைவாள். நமக்குப் பன்னிரண்டரை ஆகும்போது அவளுக்குப் பதினொன்று, ஒரு டீ குடிப்பாள். இதெல்லாம் அவள் கடிதத்தில் எழுதியது. ஆள் நாலேகால் மணி நேரத்தில் போய்விடலாம்; கடிதம் வருவதற்குப் பன்னிரண்டு நாள். பன்னிரண்டு நாளுக்கு முன்னால் அவளுக்குத் தலைவலி என்று இன்றைக்குப் படித்துவிட்டு இன்றைக்குக் கவலைப்படுகிற பிழைப்பு. அதற்குக் கடிகாரம் பரவாயில்லை, உடனே பதில் சொல்லும். முதலாளி ஒரு வாரம் கவனித்துக்கொண்டிருந்தார். பிறகு வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு சொன்னார்:

“கஸ்டமருக்குன்னு சொன்னே. ஒரு கஸ்டமரும் அதப் பாக்கறதில்ல. பொழுதன்னிக்கும் பாக்கறது நீ ஒருத்தன்தானப்பா?”

ராகு எந்த ஊர்க்காரர்?

ஒரு இளம் இன்ஜினியர் ஜெர்மனிக்கு ஆறு மாதப் பயிற்சிக்குப் போகிறார். டிக்கெட் வாங்க வந்தது அவருடைய அம்மா. பம்பாயில் விமானம் வெள்ளிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு. அந்த அம்மாள் கேலண்டரைக் கையோடு கொண்டு வந்திருந்தார். பத்தரை முதல் பன்னிரண்டு ராகு காலம். விமானத்தை ஒரு ஒன்றரை மணி நேரம் தள்ளி எடுக்கச் சொல்ல முடியுமா என்று கேட்டார். சத்தியமாகக் கேட்டார்.

எனக்கு அப்போது நேர வித்தியாசத்தில் நல்ல தேர்ச்சி. “அம்மா, நம்ம பதினொண்ணு ஜெர்மனியில காலை ஆறரை. ஆறரைக்கு ஏது ராகு காலம்? ஜெர்மனி டைமுக்குக் கிளம்புறதா நெனச்சுக்குங்க” என்றேன். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தால், அந்த அம்மாள் கண் கலங்கி உட்கார்ந்திருக்கிறார். முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:

“எறங்குற வரைக்கும் அவன் நம்மூரு பையந்தானே சார்? நம்ம மணியப் பாத்துச் சொல்லுங்க.”

நாலு விரல்

லட்சுமி டிக்கெட் வாங்க வருகிறவள் அல்ல. தொழிற்பேட்டைப் பக்கம் கட்டட வேலையில் சித்தாள். புருஷன் கொத்தனார், மஸ்கட் போய் நாலு வருஷம். போன புதிதில் கடிதம் வந்தது, பிறகு குறைந்தது. மாதம் ஒரு தடவை வேலைக்கு நடுவில் சிமெண்ட் படிந்த காலோடு மாடியேறி வருவாள். கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “மஸ்கட்டு எவ்ளோ நேரம் சார்?” நானும் எப்போதும் ஒரே பதிலைச் சொல்வேன். அதைக் கேட்டுக்கொண்டு இறங்கிப் போய்விடுவாள். அவளுக்கு மறதி என்று நான் நினைத்திருந்தேன். புதிதாக ஏதாவது சொல்வேனா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறாள் என்று இப்போது தோன்றுகிறது.

ஒரு நாள் உலகப்படத்தில் மஸ்கட்டைக் காட்டச் சொன்னாள். காட்டினேன். நம்ம ஊரைக் காட்டச் சொன்னாள். ஓசூர் அதில் ஏது? பெங்களூரைக் காட்டினேன். அவள் வலது கையைப் படத்தின்மேல் வைத்தாள். பெங்களூரில் சுண்டுவிரல், மஸ்கட்டில் ஆள்காட்டி விரல். நாலு விரல் அகலம், சரியாகப் பொருந்தியது. நான் ஏற்கெனவே பலமுறை வைத்துப் பார்த்த அதே இடம். அங்கே படம் கொஞ்சம் அழுக்கேறிப் போயிருந்தது. சரோஜா போய் அப்போது ஒன்றரை வருஷம். லட்சுமி கையை எடுக்காமலே என் பக்கம் திரும்பினாள்.

“நாலு வெரல் தூரம், நாலு மணி நேரம். அப்புறம் ஏன் சார் நாலு வருசமா வரல?”

மறந்துபோனது

எங்கள் தொழிலில் ‘ரிட்டர்ன்’ என்று ஒரு வார்த்தை உண்டு. எந்த ஊரில் டிக்கெட் தொடங்குகிறதோ அதுதான் உங்கள் ஊர். மற்றதெல்லாம் போய் வருகிற இடம். இரண்டு வருஷம் முடிந்து சரோஜா லீவில் வந்தாள். ஆஸ்பத்திரிக்காரர்கள் கொடுத்த டிக்கெட்டை வாங்கிப் பார்த்தேன். மஸ்கட்டில் தொடங்கி, பெங்களூர் வந்து, மஸ்கட்டில் முடிகிறது. அதாவது அவள் என் வீட்டுக்கு வந்திருப்பது ‘போகிற’ பயணம். மஸ்கட்டுக்குப் போவதுதான் ‘ரிட்டர்ன்’. எத்தனையோ பேருக்கு அப்படி டிக்கெட் பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அந்த வார்த்தை சுருக்கென்று தைத்தது. வீடு அப்போது பாதிதான் எழும்பியிருந்தது. இன்னும் இரண்டு வருஷம் என்று அவளும் சொன்னாள், நானும் சரி என்றேன்.

அந்தக் காலத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு, ‘ரீகன்ஃபர்ம்’. ரிட்டர்ன் டிக்கெட் கையில் இருந்தால் மட்டும் போதாது. கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் விமானக் கம்பெனிக்குப் போன் பண்ணி, இந்தப் பயணி நிச்சயம் வருகிறார் என்று உறுதி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சீட்டை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். நான் சுவர்க் கேலண்டரில் சிவப்புப் பென்சிலால் ஒவ்வொருவர் பெயரையும் வட்டம் போட்டு வைப்பேன். என் கையில் ஒருவருக்கும் சீட் போனதில்லை. முதலாளியே அதை நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்படுவார். சரோஜாவின் பெயரையும் வட்டம் போட்டிருந்தேன். அந்த நாள் வந்தது. தொலைபேசி என் முன்னால் இருந்தது. காலையில் பார்த்தேன், மத்தியானம் பார்த்தேன். ஐந்தரை மணிக்கு மேஜையைத் துடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

சீட் போய்விட்டது. அடுத்த சீட் கிடைக்க ஒன்பது நாள் ஆனது. மறந்துவிட்டேன், வேலை மும்முரம் என்று சொல்லிச் சமாளித்தேன். அந்த ஒன்பது நாளும் நாங்கள் பாதிச் சுவர் எழும்பிய வீட்டுக்குத் தினம் சாயங்காலம் நடந்து போய், அடுப்படி வரப்போகிற இடத்தில் செங்கல்லைப் போட்டு உட்கார்ந்திருந்தோம். என் வாழ்க்கையில் நான் செய்த உருப்படியான தப்பு அது ஒன்றுதான் என்று தோன்றும். கடைசி நாள் அவள் செருப்பில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டே, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டாள்:

“ஊருக்கெல்லாம் ஞாபகமா பண்றீங்க. எனக்கு மட்டும்தான் மறந்துபோச்சா?”

அத்திப்பள்ளியில் வரிசை

அந்த ஒன்பது நாள் தாமதத்துக்கு அவளுக்கு அங்கே தண்டனை கிடைத்ததைக் கடிதம் சொன்னது. ஒரு மாதம் வார விடுமுறை இல்லாமல் வேலை. குறையாக எழுதவில்லை, செய்தியாகத்தான் எழுதியிருந்தாள். எனக்கோ யாரோ செவிட்டில் அறைந்த மாதிரி இருந்தது. இனிமேல் அப்படிச் செய்யமாட்டேன் என்று பதில் எழுதினேன். எழுதினால் எழுதியதுதான், நான் அப்படிப்பட்ட ஆள்.

இன்னும் இரண்டு வருஷம் ஓடியது. அவள் மறுபடி லீவில் வந்தபோது வீடு முடிந்திருந்தது. துத்திச் செடி இருந்த இடத்தில் அடுப்படி. பால் காய்ச்சிக் குடி போனோம். ஒப்பந்தத்தை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக் கொடுத்திருக்கிறார்கள், போனால் போகலாம் என்று ஒரு நாள் கறிவேப்பிலை உருவிக்கொண்டே சொன்னாள். “உன் இஷ்டம்” என்றேன். அவளுக்குப் போக ஆசை இருக்கிறது, நான் குறுக்கே நிற்கக்கூடாது என்று நினைத்தேன். அவள் கறிவேப்பிலைக் காம்பை எடுத்துக் குப்பையில் போட்டாள்.

ரீகன்ஃபர்ம் செய்ய வேண்டிய நாள் காலையில், “இன்னிக்கு ஆபீஸ் போகணுமா? லீவு போடுங்களேன்” என்றாள். அப்படி ஒரு நாளும் கேட்டவள் அல்ல. முடியாது, முக்கியமான வேலை இருக்கிறது என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். கேலண்டரில் சிவப்பு வட்டம் காத்திருந்தது. மணி பத்து அடித்ததும் முதல் போன் அதுதான். லைன் கிடைக்கப் பதினோரு தடவை சுழற்றினேன். பயணி நிச்சயம் வருகிறார் என்று என் வாயாலேயே சொன்னேன். முதலாளி காதில் விழுந்திருக்க வேண்டும். கன்னடத்தில் “பிடு பிடு” என்று முனகினார். விடு என்று அர்த்தம். எதை விடச் சொல்கிறார் என்று எனக்குப் புரியவில்லை, கேட்கவும் இல்லை.

கிளம்புகிற அன்று பெங்களூர் பஸ் ஜூஜூவாடி தாண்டியதும் நின்றுவிட்டது. எல்லையில், அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில், லாரி வரிசை. முன்னாலும் லாரி, பின்னாலும் லாரி. டிரைவர் இன்ஜினை அணைத்துவிட்டுப் பீடி பற்றவைத்தார். அரை மணி நேரம் போயிற்று. நான் நிலைகொள்ளாமல் எழுந்து எழுந்து பார்த்தேன். சரோஜா ஜன்னலோரம் சாய்ந்து, “நிக்கட்டும் விடுங்க, என்ன அவசரம்?” என்றாள். என்ன அவசரமா? இத்தனை வருஷத்தில் என் பயணி ஒருவர் விமானத்தைத் தவறவிட்டதில்லை! ஒன்பது நாள் கதை வேறு, அது நானாகத் தவறவிட்டது. பெட்டியைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு இறங்கினேன். லாரிகளுக்கு நடுவில் புகுந்து, டீசல் புகையில் இருமிக்கொண்டு, தமிழ்நாட்டிலிருந்து கர்நாடகத்துக்கு நடந்தே போனேன். அவள் பின்னால் வந்தாள். இரண்டு தடவை நின்று திரும்பிப் பார்த்தேன், மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தாள். “சீக்கிரம், சீக்கிரம்” என்று நான்தான் கத்தினேன். அந்தப் பக்கம் நின்ற ஒரு டவுன் பஸ்ஸைப் பிடித்து, அங்கிருந்து ஆட்டோ பிடித்து, பயணிகளை உள்ளே விடுகிற நேரம் முடியப் பத்து நிமிஷம் இருக்கும்போது விமான நிலையக் கதவில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தினேன். சட்டையெல்லாம் வியர்வை. முகத்தில், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், வெற்றிச் சிரிப்பு.

அவள் பெட்டியை வாங்கிக்கொண்டாள். உள்ளே போகாமல் நின்றாள். “சீட்ட உறுதி பண்ணிட்டீங்களா?” என்று கேட்டாள். மூன்று நாளாக அவள் அதைக் கேட்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. “அன்னிக்குக் காலையிலயே பண்ணிட்டேனே, பத்து மணிக்கெல்லாம்” என்றேன். பத்து மணி என்று அழுத்திச் சொன்னேன். அவள் என் சட்டைக் காலரில் ஒட்டியிருந்த தூசியை விரலால் தட்டிவிட்டாள்.

“இந்தத் தடவையும் மறந்துருவீங்கன்னு நெனச்சேன்.”

டைம்டேபிளில் தப்பே இல்லை, முனியப்பன் படித்ததுதான் சரி: மஸ்கட்டுக்குப் போக ஒன்றேகால் மணி நேரம், திரும்பி வர நாலேகால் மணி நேரமும், டிக்கெட் விற்கிறவன் ஒழுங்காக வேலை பார்க்கிறவனாக இருந்துவிட்டால், அதற்கு மேல் இரண்டு வருஷமும் ஆகும்.